அறுபத்திரண்டு ஸ்டூல்

பெனினா தன் ரப்பர் பூட்ஸைக் கொண்டுவந்து நடுவீட்டுப் பாயின் மேல் வைத்தாள். மீன் செதில் காய்ந்து ஒட்டியிருந்த பூட்ஸ். அதற்கு ஒரு முழம் தள்ளி அவள் புருஷன் செமிசி கோக்கோ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னது இது?"

"இனிமே இதுல மிளகாச் செடி வைக்கலாம். வேலை போயிடுச்சு."

செமிசி கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திரைப்பாயை இறக்க எழுந்தார். எங்கள் சலேமோவா ஊரில் வீடுகளுக்குச் சுவர் கிடையாது, தூண்கள்தான். பகலில் பாயை இறக்கினால் உள்ளே சண்டை என்று ஊருக்குத் தெரியும். இறக்காவிட்டால் என்ன சண்டை என்றும் தெரியும்.

"இறக்க வேணாம், இருக்கட்டும்" என்றாள் பெனினா. "தலீத்தா அக்கா காதை நீட்டி நீட்டி கழுத்து சுளுக்கிக்கப் போறாங்க."

எதிரே கடை வைத்திருக்கும் தலீத்தா நான்தான். அன்று காதை நீட்டவே இல்லை. அவள் குரல் அப்படி.

நடந்தது இதுதான். எங்கள் ஊர் எல்லைக்குள், ஊர் குத்தகைக்கு விட்ட நிலத்தில் வெள்ளி அலை மீன் கம்பெனி இருக்கிறது. சமோவாவில் வெள்ளி அலை டப்பா இல்லாத சாவும் இல்லை, கல்யாணமும் இல்லை. அந்த டப்பாவில் மீனை அடைக்கும் பெண்கள் அறுபத்திரண்டு பேர், எல்லாரும் எங்கள் ஊர்ப் பெண்கள். காலை ஏழு முதல் மாலை நான்குவரை நின்றபடியே வேலை. உட்கார்ந்தால் கை மெதுவாகிவிடும் என்பது மேலாளர் டங்கனின் கண்டுபிடிப்பு. அவர் நியூசிலாந்திலிருந்து வந்தவர். கண்ணாடி அறைக்குள் சுழலும் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பார். முந்தின நாள் மதியம் பெனினாவுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஒரு மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். எண்ணி இரண்டு நிமிடம். மூன்றாவது நிமிடம் வேலை இல்லை.

"ஆனா ஒரு வழி இருக்காம்" என்றாள் பெனினா. "சனிக்கிழமை பாதிரியார் வீடு திறப்புக்குக் கம்பெனி நூறு பெட்டி மீன் குடுக்குது. கூவப் போறது யாரு?"

"நான்தான்."

"நீங்க நல்லபடியா கூவினா, திங்கக்கிழமை நான் வேலைக்கு வரலாம்னு மேஸ்திரிகிட்ட சொல்லி அனுப்பியிருக்காரு டங்கன்."

செமிசியின் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் ஊரில் குடும்பத்துக்கு ஒரு தலைவர் உண்டு; அவர்களில் கூவுகிற தலைவர் அவர்தான். விசேஷத்துக்கு வரும் சீர், பாய், பன்றி, பெட்டி எல்லாவற்றையும் புல்வெளியில் நின்று, கொடுத்தவர் பெயரோடு ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். ஒரு கூடை சேப்பங்கிழங்கை அவர் கூவினால் கப்பல் நிறையத் தங்கம் வந்ததுபோல் இருக்கும்.

"அட, இவ்வளவுதானா! கூவிட்டாப் போச்சு."

"கூவுங்க. கூவிட்டு அன்னிக்கு ராத்திரி சமையலும் நீங்களே பண்ணுங்க. எனக்கு வேலை வேணும்தான். ஆனா நின்னுக்கிட்டே செய்ய இன்னொரு ஜோடி காலுக்கு எங்க போவேன்?"

ஸ்டூல் வேண்டும் என்று பெண்கள் கேட்கத் தொடங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. முதலில் தலைநகருக்குப் பஸ் ஏறி, தொழிலாளர் துறை அதிகாரி லெவியிடம் போனார்கள். அவர் சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

"கையுறை இருக்கு, விளக்கு இருக்கு, குடிக்கிற தண்ணி இருக்கு. ஸ்டூல் இல்லையேம்மா. சட்டத்துல இல்லாததை நான் எப்படிக் கேக்கறது? ஒண்ணு செய்ங்க. வாங்கறவங்க கையிலதான் எல்லாம் இருக்கு. ஜனங்க அந்த டப்பாவை வாங்காம இருந்தா கம்பெனி தானா வழிக்கு வந்துடும்."

அடுத்து டங்கனிடம் போனார்கள். அவர் மரியாதைக்காரர், குளிர்ந்த தண்ணீரெல்லாம் கொடுத்தார்.

"அரசாங்கம் சொல்லட்டும், நாளைக்கே போடறேன். வாங்கறவங்க யாரும் எங்கிட்ட ஸ்டூலைப் பத்திக் கேக்கலையே. டப்பா நசுங்கியிருக்குன்னுதான் கேக்கறாங்க."

அரசாங்கம் வாங்குகிறவரைக் காட்டியது, கம்பெனி அரசாங்கத்தைக் காட்டியது. மிச்சம் இருந்தது வாங்குகிற நாங்கள். வீராப்பாக, இனிமேல் வெள்ளி அலை வேண்டாம் என்று முடிவெடுத்தோம். என் கடையில் அந்த அலமாரிக்கு நானே துணி போட்டு மூடினேன். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஊரே கீரையும் கறிப்பலாவும் தின்று வீரமாக இருந்தது. வியாழக்கிழமை பக்கத்து ஊரில் செமிசியின் பெரியப்பா இறந்துபோனார். சாவுக்கு வெறுங்கையோடு போக முடியுமா? வேறு கம்பெனிப் பெட்டி கொண்டுபோகலாம்தான். ஆனால் அது அளவில் சின்னது. அடுக்கி வைத்தால் பார்க்கிறவர்கள் கணக்குப் போடுவார்கள். மதியத்துக்குள் துணியைத் தூக்கிவிட்டேன். செமிசி பன்னிரண்டு பெட்டி எடுத்துப் போனார். நானும் இரண்டு கொண்டுபோனேன், மறைப்பானேன். எங்கள் வீரத்துக்கு ஒரு சாவு போதுமானதாக இருந்தது.

சனிக்கிழமை வந்தது. பாதிரியாரின் புது வீட்டுக்கு முன் ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது. எங்கள் ஊரில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது யாரும் நிற்பதில்லை. குறுக்கே போனால்கூடக் குனிந்து, மன்னிப்புக் கேட்டபடிதான் போவோம். கூவுகிறவர் மட்டும் நிற்கலாம். டங்கனைத் தலைவர்களோடு வரிசையில், பாயில் சம்மணமிட்டு உட்காரவைத்தார்கள். காவா என்ற வேர்ச்சாறு குடிக்கும் சடங்கு, பிரார்த்தனை, ஒரு பேச்சு, அந்தப் பேச்சுக்கு ஒரு பதில் பேச்சு. பதில் பேச்சின் நடுவிலேயே மனிதர் நெளியத் தொடங்கிவிட்டார். ஒரு காலை நீட்டினார். பெரியவர்களை நோக்கிக் காலை நீட்டக் கூடாது என்று யாரோ ஒரு பாயை எடுத்து அந்தக் காலை மூடினார்கள். கடைசியில் பக்கத்திலிருந்தவர் காதில் கேட்டார்: "ஒரு நாற்காலி கிடைக்குமா? கால் மரத்துப்போச்சு."

அவர் மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் நான் பின்னால்தானே உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்தது சமையல் பக்கம் போய், அங்கிருந்து செமிசி காதுக்கும் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்?

லாரியிலிருந்து நூறு பெட்டியும் இறங்கின. செமிசி எழுந்தார். சமையல் கொட்டகை ஓரத்தில் பெனினா கையில் கரண்டியோடு உட்கார்ந்திருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். அவள் வேறெங்கோ பார்த்தாள். அதைவிடப் பெரிய மிரட்டல் குடும்ப வாழ்க்கையில் இல்லை.

"நூறு பெட்டி மீன்!" என்று தொடங்கினார் செமிசி. "வெள்ளி அலை கம்பெனி, அதன் மேலாளர் டங்கன் அவர்கள் தந்த சீர், நூறு பெட்டி!"

டங்கன் சிரித்தபடி தலையாட்டினார். செமிசி மூச்சு வாங்கிக்கொண்டார். அடுத்து பன்றிகளுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

"இந்த நூறு பெட்டியையும் அடைச்சது நம்ம ஊர்ப் பொண்ணுங்க அறுபத்திரண்டு பேர்! காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நின்னுக்கிட்டே அடைச்சாங்க! உக்காந்தவளுக்கு வேலை போச்சு, அவ என் பொண்டாட்டி! சீர் தந்த ஐயாவால முக்கால் மணி நேரம் பாயில உக்கார முடியல, நாற்காலி கேட்டிருக்காரு! குடுங்கய்யா, அவருக்கு ஒரு நாற்காலி குடுங்க! அந்த அறுபத்திரண்டு பேரும் ஒன்பது மணி நேரம் நிக்கறாங்க!"

முதலில் பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பியது. பிறகு ஊரே சிரித்தது. ஊர்ப் பெரிய தலைவர் மாலோவாவுக்கு எண்பத்தொரு வயது. தமக்கு வேண்டியது மட்டுமே அவர் காதில் விழும். இது விழுந்தது.

"யாரு நிக்கறது? யாருக்கு முன்னால?"

"நம்ம அக்கா தங்கச்சிங்கதான் ஐயா. இவரு நாற்காலியில உக்காந்திருக்க, இவருக்கு முன்னால" என்றார் செமிசி.

சிரிப்பு நின்றுவிட்டது. சகோதரி நிற்கும்போது உட்கார்ந்திருப்பவனை எங்கள் பக்கம் எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை.

"நம்ம நிலத்துலயா? இத்தனை நாளா யாருகிட்டப் போய்ச் சொன்னீங்க?"

"துறைகிட்டப் போனோம், வாங்கறவங்களைக் கேளுன்னாங்க. இவருகிட்டப் போனோம், அரசாங்கத்தைக் கேளுன்னாரு" என்றார்கள் பெண்கள்.

"அடப் பாவிங்களா" என்றார் மாலோவா. "இந்த ஊர்ல சட்டம் போடறது நாம. இந்த மீனைத் திங்கறதும் நாம. ரெண்டு பேரையும் தேடி எதுக்கய்யா பஸ் ஏறினீங்க? அபராதம் போடு! வழக்கம்போல!"

அங்கேதான் சிக்கல். ஊர்ச் சபையின் பெரிய அபராதம் என்றால் வழக்கப்படி நூறு பெட்டி டப்பா மீன். அது டங்கனுக்கு மொழிபெயர்த்துச் சொல்லப்பட்டதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே! இன்றைக்குக் கொண்டுவந்த நூறு பெட்டியையே அபராதமாக வைத்துக்கொள்ள முடியுமா என்று பணிவாக விசாரித்தார்.

"அவரு மீனை அவருகிட்டயே வாங்கறதுக்குப் பேரு அபராதமா?" பெனினா கரண்டியோடு எழுந்துவிட்டாள். "ஸ்டூலை வாங்குங்க! அறுபத்திரண்டு!"

"அபராதத்துல ஸ்டூல் வாங்குற வழக்கம் நம்ம முன்னோர் காலத்துலேயே கிடையாதே" என்றார் ஒரு தலைவர்.

"முன்னோர் காலத்துல டப்பா மீன் இருந்துச்சா?" என்றார் செமிசி. "அதுவும் கப்பல்ல வந்ததுதான். ஸ்டூலும் கப்பல்ல வரட்டுமே."

மாலோவா தொடையில் தட்டினார். முடிந்தது. ஸ்டூல் வரும்வரை ஊர் எல்லைக்குள் வெள்ளி அலை டப்பா விற்கவும் கூடாது, சாவுக்கும் கொண்டுபோகக் கூடாது. பெனினா திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம். அன்று செமிசி சமைக்க வேண்டியிருக்கவில்லை.

புதன்கிழமையே ஸ்டூல்கள் வந்து சேர்ந்தன. பச்சை நிற பிளாஸ்டிக், நல்ல உறுதி. லாரி சபை மண்டபத்தின் முன் நின்றது. அபராதம் என்றால் சபைக்குத்தானே வரும்? சபைக்கு வந்ததைத் தலைவர்களின் தகுதிப்படி பங்கு வைப்பதுதானே முறை? மாலோவாவுக்கு எட்டு, பாதிரியாருக்கு ஆறு, மற்றவர்களுக்கு மூன்றும் இரண்டுமாகப் போயின. செமிசிக்கு இரண்டு கிடைத்தன. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எல்லாம் முறைப்படி, பிரார்த்தனையோடு நடந்தது.

மறுநாள் அறுபத்திரண்டு பெண்கள் கண்ணாடி அறைக்கு முன்னால் நின்றபடி மீன் அடைத்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு டங்கன் கையை விரித்தார். "நான் குடுத்துட்டேனே. உங்க சபையைக் கேளுங்க."

ஊரில் ஒரு தலைவர் ஸ்டூலின் மேல் ரேடியோ வைத்தார், இன்னொருவர் சண்டைச் சேவலை வைத்தார். பாதிரியார் வீட்டில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள், அழகாக இருக்கிறதாம். செமிசி ஒன்றில் உட்கார்ந்து இன்னொன்றில் காலை வைத்துக்கொண்டார்.

அன்று பெனினா வீட்டில் சத்தமே இல்லை. நான் இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். அவள் அமைதியாக ஒரு நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு விசில் ஊதியது. மாதர் சங்கத்தின் வீட்டுச் சோதனை. மாதம் ஒரு முறை சங்கம் வீடு வீடாக வந்து பாய், படுக்கை, கழிப்பறை, முற்றம் எல்லாம் பார்க்கும். குறை இருந்தால் அங்கேயே அபராதம். பெரிய தலைவர் வீடானாலும் வாய் திறக்க முடியாது. அதுவும் ஊர் வழக்கம்தான். இந்த மாதம் வந்தவர்கள் அறுபத்திரண்டு பேர், எல்லாரும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு.

முதல் வீடு செமிசியுடையது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கோக்கோ குடித்துக்கொண்டிருந்தார். பெனினா விருந்தாளி மாதிரி முன்பக்கமாக வந்து அவர் முன் நின்றாள்.

"எந்திரிங்க."

"ஏன்? வீடு சுத்தமாத்தானே இருக்கு? நீயே பெருக்கினது."

"அக்கா தங்கச்சிங்க அறுபத்திரண்டு பேர் நிக்கறோம். நீங்க உக்காந்திருக்கீங்க." நோட்டைப் பிரித்தாள். "அபராதம், ரெண்டு ஸ்டூல்."

தாமே ஊர் கேட்கக் கூவியது செமிசிக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். எழுந்து, கோக்கோவோடு பாயில் உட்கார்ந்தார். கால் மரத்துப்போனால் சொல்லுங்கள், பாய் போட்டு மூடுகிறோம் என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு.

மாலோவா வீட்டில் ஏழு உடனே கிடைத்தன. எட்டாவதில் அவரே உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் விழிக்கும்வரை அத்தனை பேரும் எதிரே நின்று காத்திருந்தார்கள். கண் திறந்தவர், நிற்கிற பெண்களைப் பார்த்துப் பதறி எழுந்து, ஸ்டூலைத் தாமே தூக்கிக் கொடுத்தார். சேவல் மட்டும் கொஞ்சம் தகராறு செய்தது.

பத்து மணிக்கெல்லாம் கைவண்டி நிறைந்துவிட்டது. பெனினா எண்ணினாள். மறுபடி எண்ணினாள். அறுபத்தொன்று.

பிறகு திரும்பி எதிர்ப்பக்கம் பார்த்தாள். என் தம்பியும் ஒரு தலைவன்தானே. அவன் பங்கில் வந்ததில் ஒன்றைக் கடைக்குத் தேவைப்படும் என்று எனக்குக் கொடுத்திருந்தான். ஊரையெல்லாம் வசதியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேனே, அதன் மேல் உட்கார்ந்துதான்.

"தலீத்தா அக்கா" என்றாள் பெனினா, ரொம்ப மரியாதையாக. "பாயில உக்காந்தாலும் எங்க வீடு நல்லாத் தெரியும்க்கா."

உண்மைதான். தெரிகிறது.