ஊற்றுக்கு மேலே

குழி இடுப்பளவு இறங்கியதும் அதன் மேல்பக்கச் சுவர் வியர்க்கத் தொடங்கியது. அண்ணன் கவனிக்கவில்லை. அவன் பாட்டுக்கு வெட்டிக்கொண்டே இருந்தான். மழை விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. இதில் தண்ணீர் எங்கிருந்து வரப்போகிறது என்றுதான் எவருக்கும் தோன்றும். தங்கை சின்னவள் மட்டும் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

குழி அப்பாவுக்கு. காலையில் ஆஸ்பத்திரியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். கீழே வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். இந்தச் சரிவில் இருக்கும் அத்தனை வீட்டுக் குழாய்க்கும் மலையடி ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தவர். ஊற்றுக்காரர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். அப்படிப்பட்ட மனிதரை ஊற்றுக்கு மேலே, அவர் காவல் காத்த மேட்டிலேயே புதைப்பதுதான் மரியாதை என்று அண்ணன் சொல்ல, எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார்கள்.

சுத்தக் கிறுக்குத்தனம். அந்த மேட்டில் ஒரு ஆடு புழுக்கை போட்டால்கூட மனிதர் குதிகுதியென்று குதிப்பார். செத்த கன்றுக்குட்டியை அங்கே புதைத்த பால்காரரை, மூக்கைப் பொத்திக்கொண்டு தோண்டியெடுக்க வைத்தவர் அவர். "மழைத்தண்ணி மேலோட ஓடி வர்றது கொஞ்சம்தான்யா. மிச்சமெல்லாம் மண்ணுக்குள்ள இறங்கி, பாறை தட்டினதும் அது மேலேயே வழுக்கிக்கிட்டு வந்து நம்ம ஊத்துல எட்டிப் பார்க்குது. மேல எதைப் போடுறியோ அதைத்தான் கீழ குடிக்கப் போற" என்று பால்காரரிடம் தொண்டை கிழியக் கத்தினார்.

இப்போது அவரையே அங்கே போடப் பார்க்கிறார்கள். அதுவும் எப்படிப்பட்ட சாவு! வயிற்றுப்போக்கு நிற்காமல், உடம்பு வற்றிப்போய்ச் செத்திருந்தார். "தொத்து வியாதிம்மா. சோப்புப் போட்டுக் கை கழுவாம எதையும் தொடாதீங்க" என்று நர்ஸ் அண்ணனையும் அவளையும் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். பெற்ற தகப்பனை அப்படி நினைக்கவே சின்னவளுக்கு மனசு கூசியது. ஆனால் கீழே அவள் பிள்ளையும் அண்ணன் பிள்ளைகளும் குழாயில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருப்பார்களே. அந்தப் பயத்துக்கு முன்னால் கூச்சம் நிற்கவில்லை.

"அண்ணா, இங்க வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"குழி. தண்ணி கசியுது பாரு."

"கசிஞ்சா இறைச்சுக்கலாம். நீ போய் அம்மாகூட உக்காரு."

"மேல்பக்கம் கசியுறது கீழ்ப்பக்கமா உள்ள போகுது. அது போற இடம் நம்ம குழாய்தான்."

மண்வெட்டி நின்றது. கூட வெட்ட வந்த லாரி டிரைவர் எதையோ தேடுவதுபோல் சட்டைப்பையைத் தடவினார்.

"அப்பா அசிங்கமா உனக்கு?" அண்ணன் சத்தம் போடாமல் கேட்டான். சத்தம் போட்டிருந்தால் தேவலை. "உன்னைத் தோள்ல தூக்கிட்டு அலைஞ்சவரு."

"அப்பா இருந்தா விடுவாராண்ணா?"

அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கசியும் சுவரைப் பார்த்தான். டிரைவர்தான் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி சொல்றது சரிதான் தம்பி. இங்க வெச்சோம்னா அவரே எந்திரிச்சு வந்து நம்மள விரட்டுவாரு."

அண்ணன் சிரிக்கப் போய் அழுதுவிட்டான்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் விழும் தண்ணீர் வேறொரு ஓடைக்குப் போகிறது. அதன் கரையில் குடித்தனம் எதுவும் கிடையாது. அங்கே வெட்டினார்கள். கல்லும் மண்ணுமான தரை, வெட்டி முடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. அடக்கம் முடிந்து இறங்கும்போது அண்ணன் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் போகட்டும், பிள்ளைகள் பிழைத்தார்களே என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தால், பின்பக்கக் கொடியில் அண்ணி ஈரப் போர்வையை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அப்பாவின் சட்டைகள், துண்டு, படுக்கை விரிப்பு.

"இதெல்லாம் எப்ப அண்ணி துவைச்சீங்க?"

"நீங்க அந்தப் பக்கம் போயிருந்தப்பதான். ஆஸ்பத்திரி மூட்டைய அப்படியே எத்தனை நேரம் வெச்சிருக்கறது? குழாயடியில ஒரே கூட்டம். மாமா துணிய, அதுவும் அந்தக் கோலத்துல, ஊர் முன்னாடி விரிச்சு அலச மனசு வரல. எவ்வளவு மானஸ்தர். அதான் மேல தூக்கிட்டுப் போயிட்டேன்."

"மேல எங்க?"

"நீங்க பாதியில விட்டுட்டு வந்த குழியிலதான். முழங்கால் அளவுக்குத் தெளிஞ்ச தண்ணி. சும்மாதானே கிடக்குதுன்னு நல்லா அலசி அலசி எடுத்தேன்."

சின்னவள் மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். "அந்த அழுக்குத் தண்ணி?"

"அது தானா உள்ள இழுத்துக்கிச்சு. ஒரு சொட்டு வெளியில வழியல. கொஞ்ச நேரத்துல பழையபடி தெளிஞ்சிடுச்சு, தெரியுமா?"

அழுது வீங்கிய கண்ணோடு அதைச் சொல்லும்போது அண்ணியின் குரலில் லேசான பெருமை இருந்தது. விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன. அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்வது?

"கையை இன்னொரு தடவை சோப்புப் போட்டுக் கழுவிடுங்க அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள்.

குழாயைத் திறந்தாள். தண்ணீர் பளிங்காய் விழுந்தது. தெளிவாக இருந்து என்ன புண்ணியம்? இது என்றைக்கோ பெய்த மழை. குழியில் கலந்தது இப்போதுதான் மண்ணுக்குள் கிளம்பியிருக்கும். இன்றைக்கு வருமா, அடுத்த மழை வந்து தள்ளும்போது வருமா என்று ஓரளவாவது கணித்துச் சொல்லக்கூடிய ஒரே ஆளை மேட்டுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். இருப்பதிலேயே பெரிய பாத்திரத்தைப் பிடித்து அடுப்பில் ஏற்றினாள்.

அண்ணன் தம்ளரோடு வந்தான். அவளைப் பார்க்காமலே குழாய்க்குக் கீழே நீட்டினான். அவள் குழாயைக் கையால் பொத்தினாள்.

"குடிக்காதே. பிள்ளைங்களையும் குடிக்க விடாதே."

"இப்ப என்ன?"

"அண்ணி அந்தக் குழியில அப்பா துணிய அலசியிருக்காங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுண்ணா. திட்டாதே."

அவன் திட்டவில்லை. ஜன்னல் வழியாகக் கொடியைப் பார்த்தான். பிறகு சரிவில் கீழே வரிசையாக இறங்கிப்போகும் கூரைகளைப் பார்த்தான். எல்லா வீட்டிலும் இதே தண்ணீர்தான். தம்ளரை மேடையில் கவிழ்த்து வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

முதல் வீட்டுக் கதவைத் தட்டும் சத்தம் அவளுக்குக் கேட்டது. கதவு திறக்கும் சத்தமும் கேட்டது. "குழாய்த் தண்ணிய யாரும் குடிக்காதீங்க" என்றது அண்ணனின் குரல். "எங்க அப்பா துணிய..."