சிவபாதத்தின் செருமல்

விமர்சகர்கள் ஒரு வைனில் என்னென்ன இருப்பதாக எழுதுகிறார்களோ, அவற்றின் சொந்தக்காரர்கள் முப்பது நாளுக்குள் அந்தத் திராட்சைத் தோட்டத்துக்கு வந்து, அடையாளம் காட்டி, வாங்கிக்கொண்டு போகவேண்டும். தெற்கு அவுஸ்திரேலியாவின் வைன் பள்ளத்தாக்கு ஒன்றில் இதுதான் நடைமுறை. முப்பது நாள் கழிந்தால் பொருள் வைனிலேயே தங்கிவிடும். பிறகு தலையால் நடந்து வந்தாலும் கிடைக்காது.

அங்கே ஒரு தோட்டத்தின் அந்த வருடத்து உயர்ரகச் சிவப்பு வைனைப் பற்றிய குறிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வந்தது. ஷிராஸ் திராட்சை பாதி, கபர்னே திராட்சை பாதி கலந்தது. "கறுத்த பிளம்ஸ், பழைய குதிரைச் சேணம், மழை விட்ட பிறகான மண். நடுவில், முக்கியமான ஒன்றைச் சொல்லப்போகும் ஆண் ஒருவரின் செருமல், இருமுறை. விழுங்கிய பிறகு நாக்கில் நிற்கும் முடிவு நீளமானது" என்று மூன்று விமர்சகர்களும் ஒத்து எழுதியிருந்தார்கள். அடிலெய்டில் தன் வீட்டுக் குசினியில் அந்தப் பத்திரிகையை விரித்து அதன்மேல் கீரை ஆய்ந்துகொண்டிருந்த யோகாம்பிகை, கீரையை ஒதுக்கிவிட்டு அந்த வரியை இரண்டு தரம் வாசித்தாள். அது அவளுடைய கணவர் சிவபாதத்தின் செருமல். அதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

சிவபாதம் போய்ப் பதினாலு மாதம். மனுசன் வாழ்நாளில் ஒரு சொட்டு வைன் வாயில் வைத்தவரல்ல. இருபத்திரண்டு வருடம் சுற்றுலா பஸ் ஓட்டி, ஊரில் உள்ளவர்களை எல்லாம் அந்தத் தோட்டத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அவர்கள் குடித்து முடிக்கும்வரை பஸ்ஸுக்குள்ளேயே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். சும்மா பேச்சுக்கு அவர் செருமுவதில்லை. காணியை விற்கப்போகிறேன் என்று சொல்ல முன்பு செருமினார். தம்பியின் சாவைச் சொல்ல முன்பு செருமினார். நாட்டை விட்டுப் போவோம் என்று சொல்ல முன்பும் அப்படியே. எப்போதும் இருமுறை. கலியாணம் முடித்த முப்பத்தெட்டு வருடத்தில், ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை ஏழு தடவை.

எட்டாவது தடவை ஆஸ்பத்திரியில். அவர் செருமினார், யோகாம்பிகை குனிந்தாள், அந்த நேரம் பார்த்துத்தான் தாதி ஒருத்தி சேலைன் மாற்ற வந்தாள். யோகாம்பிகை அவளுக்கு வழி விட்டு விலகிக்கொண்டே "கொஞ்சம் பொறுங்கோ" என்றாள். தாதிக்கு அல்ல, அவருக்கு. தாதி போன பிறகு திரும்பிப் பார்த்தால் அவர் இல்லை. அந்த ஒரு சொல்லை நினைத்து நினைத்து அவள் பதினாலு மாதமாக வெந்துகொண்டிருந்தாள். என்ன சொல்ல வந்தார்? அது தெரியாமல் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை, விடிய ஓடும் முதல் பஸ்ஸில் போய்விட்டாள். அதற்குள் தோட்டத்தில் வரிசை நின்றது. பிளம்ஸுக்கு இரண்டு பேர் வந்து ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். சேணத்துக்குக் குதிரையே வந்திருந்தது. கையெழுத்துப் போடுவதற்காக அதன் சட்டத்தரணி கூட நின்றார். மண்ணுக்கு யாரும் வரவில்லை. வருடா வருடம் அது அப்படித்தான்.

"என்ன பொருள்?" என்று கவுன்டரில் இருந்த பெண் கேட்டாள்.

"செருமல்."

"எத்தனை?"

"ரெண்டு. அதுக்குப் பிறகு வரவேண்டியதும் வேணும்."

கவுன்டர்ப் பெண் அப்படியே எழுதிக்கொண்டு அவளை உள்ளே அனுப்பினாள்.

உள்ளே வெள்ளைத் துணி விரித்த மேசையில் விமர்சகர்கள் மூவரும் இருந்தார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் துப்புவதற்கு ஒரு வாளி. நடுவில் இருந்த நொயல் அருளப்பு அவள் நாட்டு ஆள், குருநகர்க்காரர், நாற்பது வருடமாக இந்த நாட்டில். யோகாம்பிகையைக் கண்டதும் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டார்.

"இருங்கோ அக்கா. அடையாளம் காட்ட வேணும், வேற ஒண்டுமில்லை."

புதுப் போத்தல் ஒன்றைத் திறந்து கிளாஸில் ஊற்றி மூன்று சுற்றுச் சுற்றி மேசையில் வைத்தார். கிளாஸ் இருமுறை செருமியது.

"சொல்லுங்கோ" என்றாள் யோகாம்பிகை. சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அடையாளம் சரி" என்று நொயல் படிவத்தில் சரி போட்டார்.

ஆனால் கிளாஸ் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. நாலு பேரும் காத்திருந்தார்கள். வெளியே குதிரைக்குச் சேணத்தைக் கட்டிக் கொடுக்கும் சத்தம் கேட்டது.

"மிச்சம் எங்க, தம்பி?"

"நாங்கள் விழுங்கிறதில்லை அக்கா. வாயில வைச்சுச் சுழட்டிப்போட்டுத் துப்பிறது. அதுதான் தொழில். செருமல் வந்த உடன துப்பிட்டம்."

"அப்ப முடிவு நீளம் எண்டு எழுதினது?"

மூவரும் வாளிகளைப் பார்த்தார்கள். "அது வழக்கமா எழுதிறது" என்றார் நொயல்.

யோகாம்பிகைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்த மனுசன் வாய் திறக்கேக்க நான் ஒருக்காத் தடுத்தன். நீங்கள் மூண்டு பேரும் சேர்ந்து துப்பிப்போட்டியள்!" கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

நொயல் அருளப்பு வெட்கப்பட்டார். கிளாஸை எடுத்து, தொழிலுக்கு வந்த நாளிலிருந்து செய்யாத காரியத்தைச் செய்தார்: விழுங்கினார். விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் இருந்தார். பிறகு மற்ற இருவரும் ஆளுக்கு ஒரு வாய் விழுங்கினார்கள்.

"வாக்கியம் இருக்கு அக்கா. முழுசா இருக்கு. ஆனா இன்னும் பிஞ்சு. இப்ப துவர்ப்புத்தான் வரும், சொல் வராது. திறக்காத போத்தல் ஒண்டு தாறன். பன்னிரண்டு வருசம் கிடக்க வேணும்."

மற்ற இருவரும் பன்னிரண்டு என்று தலையசைத்தார்கள்.

"எனக்கு அறுபத்துநாலு. பிரஷர் வேற இருக்கு" என்றாள் யோகாம்பிகை. "நான் கிடப்பனோ?"

கேட்கவேண்டிய கேள்விதான். நொயல் அவளை ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கச் சொல்லி நிறம் பார்த்தார். மணிக்கட்டை முகர்ந்தார். மற்ற இருவரும் முகர்ந்தார்கள். மூவரும் தனித்தனியே எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பார்த்து, ஒரே குறிப்பாக்கிக் கையெழுத்திட்டார்கள். "இஞ்சி. வெயிலில் காய்ந்த பருத்தி. அடக்கிவைத்த கோபம், கட்டுக்கோப்புக் குலையாமல். ஒழுங்காக வைத்திருந்தால் பதின்மூன்று வருடம் தாங்கும்."

யோகாம்பிகை விரலில் எண்ணிப் பார்த்தாள். "ஒரு வருசம் மிச்சம். அவர் ஆறுதலா, மெல்ல மெல்லக் கதைக்கிறவர். ஆனாலும் போதும், காணும்."

"இருட்டான இடம். குலுக்கக் கூடாது. சரிச்சுப் படுக்க வைக்க வேணும்" என்றார் நொயல். "ரெண்டு பேருக்கும் அதே முறைதான்."

போத்தலை மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தாள். பஸ்காரர் வளைவுகளை மெதுவாக எடுத்தார். கட்டிலின் இடப்பக்கத்தில், சிவபாதம் படுக்கும் இடத்தில், போத்தலைச் சரித்துக் கிடத்தினாள். ஜன்னல் சீலையை இழுத்து மூடினாள். வலப்பக்கத்தில் தானும் சரிந்து படுத்தாள்.

அடுத்த ஞாயிறு அவளைப் பற்றிய குறிப்பும் பத்திரிகையில் வந்தது. விமர்சகர்கள் எழுதுவதெல்லாம் அச்சாகும்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் போத்தல் இருமுறை செருமியது. அதே நேரம் வாசல் மணி அடித்தது. யார் என்று யோகாம்பிகைக்குத் தெரியும். குயின்ஸ்லாந்தில் இஞ்சித் தோட்டம் வைத்திருப்பவர், குறிப்பில் கண்ட தன்னுடைய இஞ்சியை வாங்கிப்போக வந்திருக்கிறார். முப்பது நாள் கெடு அவருக்கும் உண்டு.

யோகாம்பிகை எழும்பவில்லை. தலையை மட்டும் வாசல் பக்கம் திருப்பி, "கொஞ்சம் பொறுங்கோ!" என்று உரத்துச் சொன்னாள். பிறகு போத்தலின் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் சொல்லுங்கோ. நான் இஞ்சதான் இருக்கிறன்."

வெளியே இஞ்சிக்காரர் வெறும் சாக்கைக் கீழே வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் பருத்திக்காரர் வந்து அவருக்குப் பின்னால் இடம் பிடித்தார். கெடு கழிந்த பிறகும், பன்னிரண்டு வருடமும் இரண்டு பேரில் ஒருவர்கூட மணியை மறுபடி அடிக்கவில்லை.