மதர்போர்டு மாற்றிய பிறகு

சாய்மாவின் கம்ப்யூட்டருக்கு ஸௌம்யா புது மதர்போர்டு மாட்டிக் கொடுத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அந்தப் பதினோரு நாளில் ஒருநாள்கூட அது ஒழுங்காகத் தொடங்கவில்லை. முன்பெல்லாம் பொத்தானை அழுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் திரை தயாராகிவிடும். இப்போது ஆறு நிமிடம். விண்டோஸ் பெயர் வரும், போகும், பிறகு வெறும் நீலத்திரையில் அம்புக்குறி மட்டும் நிற்கும். அதைத் தாண்டிவிட்டால் எல்லாம் பழையபடி ஓடும். தாண்டுவதுதான் பாடு.

ஒரு நாளைக்கு ஒருமுறை என்றால் ஆறு நிமிடத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். 2004ஆம் வருஷத்து அந்த மே மாதத்தில் காஞ்சிபுரம் ஒலிமுகமதுபேட்டையில் கரண்ட் ஒரு பகலுக்குள் ஐந்தாறு தடவை போய் வந்தது. யூபிஎஸ் ஒரு கம்ப்யூட்டரை மட்டுமே தாங்கும். அது ஸௌம்யாவுடையதோடு மாட்டியிருந்தது.

இருவரும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு. படிப்பு முடிந்ததும் சாய்மாவின் அப்பா அப்துல் சத்தார் இருவரும் சேர்ந்து தொழில் செய்யத் தன் வீட்டு மாடி அறையைக் கொடுத்தார். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிந்த நோயாளிக் குறிப்புகளை ஹெட்போனில் கேட்டு, பிழையில்லாமல் தட்டச்சு செய்து, சென்னையிலுள்ள ஒரு கம்பெனிக்கு மதியம் இரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். போன் இணைப்பு ஸௌம்யாவின் கம்ப்யூட்டரில் இருந்தது. அங்கே வந்து இறங்கும் குரல் பதிவுகள் ஒரு ஒயர் வழியாகச் சாய்மாவின் கம்ப்யூட்டருக்குப் போகும். மதர்போர்டு மாற்றியதிலிருந்து அந்த ஒயரும் வேலை செய்யவில்லை. முதலில் இந்த ஆறு நிமிடத்தைச் சரிசெய்வோம், ஒயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஸௌம்யா அதை ஒதுக்கிவைத்தாள். பதிவுகளை ஃப்ளாப்பியில் போட்டு மேஜைக்கு மேஜை நீட்டிக்கொண்டார்கள்.

ஸௌம்யா நிம்மதியில்லாமல் அலைந்ததற்கு வேறு காரணமும் இருந்தது. கைப்பைக்குள் பெங்களூர்க் கம்பெனி ஒன்றின் கடிதம் கிடந்தது. பதினைந்தாம் தேதி வேலையில் சேர வேண்டும். இன்று ஆறு. சாய்மாவிடம் சொல்லவில்லை. கம்ப்யூட்டரைச் சரிசெய்து கொடுத்துவிட்டுச் சொல்லிவிடலாம் என்று தனக்குத்தானே ஒரு கணக்குப் போட்டுவைத்திருந்தாள். கம்ப்யூட்டர் சரியாகவில்லை. ஒவ்வொரு முறை கரண்ட் வந்த பிறகும் ஆறு நிமிடம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. அந்த நேரத்தில்தான் சாய்மாவுக்குப் பேச்சு வரும்.

"ஆடிக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் போட்டுடலாம்பா. ஜன்னல்கிட்ட எடம் இருக்குது" என்று முந்தின நாள்தான் டேப்பை எடுத்துச் சுவரை அளந்தாள். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் ஸௌம்யா.

தெரிந்த வைத்தியத்தையெல்லாம் செய்து பார்த்துவிட்டாள். ராம் என்கிற மெமரி அட்டையைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். தேவையில்லாத புரோகிராம்களை நீக்கினாள். ஹார்ட் டிஸ்கின் கேபிளை மாற்றினாள். அப்துல் சத்தார் ஒருமுறை படியேறி வந்து, "கடைக்காரன்கிட்ட காட்டிடலாமேம்மா" என்றார். சாய்மா திரும்பிப் பார்க்காமலே, "ஸௌம்யா பாத்துக்குவா, அத்தா" என்றாள். ஸௌம்யா குனிந்து தரையில் விழாத திருகாணியைத் தேடினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பெட்டியை ஒரு பழைய பெட்ஷீட்டில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு சின்னக் காஞ்சிபுரத்திலுள்ள தன் வீட்டுக்கு எடுத்துப்போனாள். பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா அழகியமணவாளன், "எதுக்குடி இதைத் தூக்கிண்டு அலையறே?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். வீட்டு மானிட்டரில் இணைத்துப் பொத்தானை அழுத்தினாள். ஐம்பது விநாடியில் வந்துவிட்டது. அணைத்துப் போட்டாள். மறுபடி ஐம்பது விநாடி. பத்து தடவை செய்தாள். பத்து தடவையும் அப்படியே.

திங்களன்று அதே பெட்டியை அதே பெட்ஷீட்டில் திருப்பி எடுத்துவந்து மாடியில் வைத்தால், ஆறு நிமிடம்.

"இந்த ரூம்ல வோல்டேஜ் கம்மி" என்றாள். அப்படித்தான் இருக்க முடியும் என்று பட்டது. ஆறாம் தேதி காலையில் எலெக்ட்ரீஷியன் அர்ஜுனன் மீட்டரோடு வந்தார். பிளக்கில் இரண்டு கம்பியையும் நுழைத்துப் பார்த்து, "ஒண்ணும் கொறையே இல்லமா. எர்த்தும் நல்லாத்தான் இருக்குது. கரண்ட்டு மேல பழி போடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஸௌம்யா அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். மணி பன்னிரண்டேகால். இரண்டு பதிவுகள் பாக்கி.

"உக்காருபா. நீ நடந்தா அது வந்துடுமா?" என்றாள் சாய்மா.

"எங்காத்துல வர்றது, இங்க வரலைன்னா என்ன அர்த்தம்? பெட்டி அதேதானே?"

சாய்மா கொஞ்சம் யோசித்தாள். "உங்க வீட்ல அது ஒண்டியா இருந்துச்சு. இங்க உன் கம்ப்யூட்டரோட சேத்துக் கட்டி வெச்சிருக்குது. அது ஒண்ணுதான வித்தியாசம்?"

ஸௌம்யா நின்றுவிட்டாள். பிறகு மேஜைக்கடியில் குனிந்து, பின்பக்கத்திலிருந்து அந்த ஒயரைப் பிடுங்கினாள். அணைத்து, மறுபடி பொத்தானை அழுத்தினாள். ஐம்பது விநாடி.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இப்போது எல்லாம் விளங்கியது. பழைய போர்டில் ஒயருக்கென்று தனி கார்டு ஒன்று இருந்தது. ஒயரில் அடையாளம் தெரிய, முகவரி மாதிரி, அதற்கு ஒரு எண்ணை அவளே எழுதிக் கொடுத்திருந்தாள். புதுப் போர்டிலேயே ஒயர் மாட்டும் இடம் இருந்ததால் அந்தக் கார்டைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டாள். எண்ணும் அதோடு போயிற்று. தன் எண் என்ன என்று கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் ஒயரில் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. சொல்ல ஆளில்லை. கேட்டு அலுத்து, அப்புறம் ஸௌம்யாவின் கம்ப்யூட்டரிலுள்ள பதிவுகளைத் தேடியிருக்கிறது. அதுவும் அகப்படவில்லை. இரண்டு கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தது ஒரே கோளாறுதான். அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவைத்ததுதான் மூலகாரணம்.

எண்ணைக் கொடுத்து ஒயரை மாட்டினாள். ஒரு நிமிடத்துக்குள் திரை வந்தது, பதிவுகளும் வரிசையாகத் தெரிந்தன. சாய்மா சிரித்துக்கொண்டே ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கடைசிக் கோப்பும் போய்விட்டது.

இனித் தள்ளிப்போட ஒன்றும் இல்லை.

"எனக்கு பெங்களூர்ல வேலை கெடச்சிருக்கு. பதினஞ்சாம் தேதி சேரணும்."

சாய்மா ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "லெட்டர் எப்ப வந்துச்சு?"

"இருபத்தெட்டாம் தேதி."

"நேத்து நான் சொவத்த அளந்துக்கினு இருந்தேன். நீ அந்தப் பக்கம் டேப்ப புடிச்சுக்கினு நின்ன."

ஸௌம்யா கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"போறது தப்புன்னு சொல்லல. நல்ல வேலை வந்தா நானும் போவேன். அன்னிக்கே சொல்லியிருந்தா நான் ஆள் பாத்திருப்பேன்ல?" என்றாள் சாய்மா. குரலை உயர்த்தவில்லை. கீழே சாப்பிடப் போய்விட்டாள். எப்போதும் ஸௌம்யாவையும் சேர்த்துக் கூப்பிடுவாள், அன்று கூப்பிடவில்லை.

இரண்டு நாள் வேலைப் பேச்சு மட்டும்தான் இருந்தது. ஸௌம்யா தட்டச்சு செய்ததையே திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள். தண்ணீர் குடிக்க எழுந்தவள் குடிக்காமல் வந்து உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் காலையில் அவள் மேஜைமேல் ஸ்க்ரூடிரைவர் இருந்தது.

"பொட்டியத் தொற. நீ போனப்புறம் இதுக்கு யார் இருக்கா? எனக்குக் கத்துக்குடு" என்றாள் சாய்மா.

கழற்றிப் பரப்பினார்கள். சாய்மா ஒவ்வொன்றையும் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள், ஒயரின் எண்ணையும் சேர்த்து. பிறகு தானே பூட்ட ஆரம்பித்தாள். ராமைத் திருப்பிப் பிடித்தபோது ஸௌம்யாவின் கை தானாக நீண்டது.

"கைய எடு. நானே பாத்துக்கறேன்."

ஒரு மணி நேரம் பிடித்தது. ஓடியது.

பதினான்காம் தேதி பஸ் ஸ்டாண்டுக்குச் சாய்மா வரவில்லை. இரண்டு மணிக்கு அனுப்ப வேண்டியது இருந்தது. பெங்களூர் போன மறுவாரம் சனிக்கிழமை ஸௌம்யா ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள்.

"வேலைல இருக்கேன்பா. நம்பர் குடு, சாயந்திரம் நானே பண்றேன்" என்று எண்ணை வாங்கிக்கொண்டு சாய்மா வைத்துவிட்டாள்.

ஸௌம்யாவால் அறையில் இருக்க முடியவில்லை. போன் இருக்கும் வராந்தாவுக்கு நாலு தடவை வந்து பார்த்தாள். வேறொருத்தி பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்திலேயே நின்று அவளை எரிச்சல்படுத்தினாள். ஐந்தரைக்குப் போன் மணி அடித்தது.

"ரேணுகாம்பாள்னு ஒரு பொண்ணு சேந்திருக்குது, நல்லா டைப் அடிக்குது. ஆனா டாக்டருங்க பேசறது ஒண்ணும் புரியலைன்னு அழுவுது" என்றாள் சாய்மா. "நமக்கும் மொதல்ல அப்படித்தான இருந்துச்சு? நீ எப்படி இருக்க, சொல்லு."