ரன்னும் செட்டும்

அந்த ஸ்வேதாவின் வாயைத் தைத்தால்கூட முருகேஸ்வரிக்கு ஆத்திரம் தீராது. பின்னே? பதினைந்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டு இவள் எழுதிய பாடத்தை, இவள் கண்ணெதிரிலேயே அவள் தன்னுடையதாக ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டல் ஊழியர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் பயிற்சி மையம் அது. கொடைக்கானல் ஏரிக்கு மேலே இருந்தது. நடத்துகிறவர் ஆலிமா மேடம். ஆசிரியை வேலை ஒன்று, போட்டி போடுகிறவர்கள் இரண்டு பேர். ரன், செட் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களின் அர்த்தங்களை ஒப்பிட்டுப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். இந்த வேலை கிடைக்காவிட்டால் முருகேஸ்வரிக்குச் சொந்த ஊரான கவுஞ்சியில் பூண்டுக் காட்டு வேலைதான். எம்.ஏ. பட்டம் பெட்டியிலேயே கிடக்கும்.

“பஸ் ரன் ஆகுது, சளி பிடிச்சா மூக்கு ரன் ஆகுது, டீக்கடைய ஒருத்தர் ரன் பண்றார். எல்லாத்துலயும் ஏதோ ஒண்ணு ஓடிட்டே இருக்கு. தயிர் செட் ஆகுது, ஒடஞ்ச எலும்ப செட் பண்றாங்க, அலாரம் செட் பண்றோம். இங்க ஏதோ ஒண்ணு ஓரிடத்துல நெலைக்குது” என்றாள் ஸ்வேதா. ஆலிமா மேடம் தலையாட்டித் தலையாட்டி ரசித்தார்.

ஓர் எழுத்துகூட மாறவில்லை. முந்தாநாள், “பாத்துட்டுத் தரேன்க்கா” என்று குழைந்து, பாடம் எழுதிய நோட்டை வாங்கிப் போனவள் அவள். போட்டிக்காரியிடம் யாராவது நோட்டைக் கொடுப்பார்களா? முருகேஸ்வரி கொடுத்தாள். கவுஞ்சியில் விதைப்பு நேரத்தில் விதைப்பூண்டு கேட்டு வந்தவரை, பேச்சுவார்த்தை அறுந்த பங்காளியே ஆனாலும், வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் நோட்டையும் தூக்கிக் கொடுத்துவிட்டாள், பைத்தியக்காரி.

அடுத்து இவள் முறை. பஸ்ஸையும் மூக்கையும் தாண்டுவதற்குள் ஆலிமா மேடம் கையைக் காட்டினார்.

“நிறுத்தும்மா. அந்தப் பொண்ணு சொன்னதையே சொல்றியே, வெக்கமா இல்ல?”

“அது நான் எழுதுனது மேடம். எங்கிட்ட நோட்ட வாங்கிட்டுப் போயி…”

“மாட்டிக்கிட்டதும் பழிய அடுத்தவ மேல போடுறியா? திருடிங்க எனக்கு வேணாம். ஸ்வேதா, திங்கக்கிழமை வந்துரு.”

முருகேஸ்வரி வேகமாக எழுந்து போனாள். வெளியே வராந்தாவில் ஸ்வேதாவை மறித்தாள்.

“நோட்ட எடுடி.”

“நீங்கதானக்கா குடுத்தீங்க? நான் என்ன புடுங்கிட்டா போனேன்?”

“குடுத்தவ நாந்தான். திருப்பிக் கேக்கறவளும் நாந்தான். வெரசா எடு.”

ஸ்வேதா பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். “திங்கக்கிழம கிளாஸுக்குப் பாடத்துக்கு நான் எங்க போறது? அத வச்சுத்தான நடத்தணும்? முடிச்சிட்டுத் தரேன், சும்மா கத்தாதீங்க.”

சொல்லி முடித்துத் திரும்பினால், கதவருகே ஆலிமா மேடம். ஸ்வேதாவின் முகம் செத்துப்போயிற்று. மேடம் கையை நீட்டி நோட்டை வாங்கினார். முதல் பக்கத்தில் முருகேஸ்வரியின் பெயர் இருந்தது. நாலு பக்கம் புரட்டினார்.

“உள்ள வா முருகேஸ்வரி. வேலையப் பத்திப் பேசலாம்.”

வேறொருத்தியாக இருந்தால் உள்ளே ஓடியிருப்பாள். இவள் அசையவில்லை.

“வேல கெடக்கட்டுங்க மேடம். என்னையத் திருடின்னு இவ முன்னாடி சொன்னீங்க. இவ எடத்தக் காலி பண்றதுக்கு முன்ன, இவ முன்னாடியே அது தப்புன்னு சொல்லுங்க. அப்பறந்தான் உள்ள வருவேன்.”