நூற்றுக்கு நூறு கொக்கிப்புழு

பேராசிரியர் பாஸ்கரன் வெப்பமண்டல மருத்துவத்தை லண்டனில் படித்தவர். வெயிலே தலைகாட்டாத ஊரில் அதைப் படித்ததில் அவருக்குத் தனிப் பெருமை. "லண்டன்ல இருந்தப்போ" என்று வகுப்பில் ஆரம்பித்தால், மணி அடித்த பிறகுதான் மெட்ராஸில் வந்து இறங்குவார்.

அவரிடம் பொதுச் சுகாதார மேற்படிப்புப் படித்துவந்த டாக்டர் அதியாவுக்கு, ஆய்வுக்கு வாய்த்தவை ஓசூர் தொழிற்பேட்டையை ஒட்டிய லைன் வீடுகள். அங்கிருந்த தற்காலிகத் தொழிலாளர்களில் எத்தனை பேர் வயிற்றில் கொக்கிப்புழு என்று கண்டுபிடிக்க வேண்டும். மலப் பரிசோதனைக்கு வீடு வீடாக டப்பா கொடுத்தாள். மறுநாளே எல்லா டப்பாவும் நிறைந்து வந்தன. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் எல்லாவற்றிலும் புழு முட்டை. எல்லாவற்றிலும் அதே தக்காளித் தோல்.

அதியா லைனுக்கு ஓடினாள்.

"பர்மனென்ட் பண்றதுக்கு கம்பெனி வெக்கிற டெஸ்ட்டுன்னாங்க டாக்டரம்மா," என்றாள் பேக்கிங்கில் வேலை செய்யும் ஜோதிமணி. "அதான் இருக்கறதுலயே திடகாத்திரமான ஆளா பாத்து வாங்கி, ஆளுக்குக் கொஞ்சமா பிரிச்சுக்கிட்டோம்."

"யாருகிட்ட?"

லோடு ஏற்றும் பொன்னுசாமி மீசையைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தார். "நம்முளுதுதானுங்க. கேட்டவங்க யாருக்கும் இல்லைன்னு சொல்லலைங்க."

"அண்ணா, உங்க வயித்துலதான் புழு!"

"அடப்பாவி மனுசா! உன்ன நம்பித்தானே குடுத்தோம்!" என்று ஜோதிமணி அவர்மேல் பாய்ந்தாள்.

அதியா தபாலாபீஸிலிருந்து பேராசிரியருக்கு டிரங்க்கால் போட்டாள்.

"நூற்றுக்கு நூறா!" என்று துள்ளினார் அவர். "உலகத்துலயே எங்கயும் கிடையாதும்மா!"

"சார், எல்லாமே ஒரே ஆளோடது."

"அதெல்லாம் டீடெய்ல். மாநாட்டுக்குத் தலைப்புக் குடுத்தாச்சு. ரிப்போர்ட்டோட நானே வர்றேன், கையெழுத்துப் போடு. இல்லேன்னா இந்த வருஷம் உனக்குத் தீசிஸ் கிடையாது."

பொய்யில் கையெழுத்துப் போட்டால் பட்டம். போடாவிட்டால் ஒரு வருஷம் பாழ். மறுநாள் விடிந்ததும் அதியா புது டப்பாக்களோடு லைனுக்குப் போய், மொத்த லைனுக்கும் பொதுவான ஒரே கக்கூஸின் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். டப்பா வாங்காமல் யாரும் உள்ளே போக முடியாது. நிரப்பிக் கொடுக்காமல் வீட்டுக்குப் போக முடியாது.

"டாக்டருக்குப் படிச்சுட்டு இதுக்கா காவல்?" என்று வரிசையில் ஒருத்தி சிரித்தாள்.

"பேசாம நில்லுக்கா. உன் முறை வரும்."

பேராசிரியரின் கார் வந்து நின்றது. வழியில் கிருஷ்ணகிரித் தோப்பு ஒன்றில் மரியாதை பலமாக நடந்திருந்தது. மாம்பழத்தை அவர் கணக்குப் பார்க்காமல் சாப்பிட்டிருந்தார். கையெழுத்து வாங்க வேண்டிய தாள் கையிலேயே இருந்தது. முகம் மட்டும் வெளிறி, நெற்றி வியர்த்திருந்தது.

"அதியா... அப்புறம் பேசலாம். கொஞ்சம் நகரும்மா."

அதியா நகரவில்லை. ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"பின்னாடி வரிசையில நில்லுங்க சார்."