ஐந்தாவது குவியல்

கறுப்போடு கொஞ்சம் சிவப்பு, இல்லை, இன்னும் கொஞ்சம் சிவப்பு, விளிம்பில் மட்டும் காவி மஞ்சள், அந்த மஞ்சள் நாளைக்குத்தான் நன்றாக ஏறும், என்று இடது கண்ணுக்குக் கீழே வீங்கிய இடத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறாள் பிலோமினா, வலிக்கு முன்னால் நிறம்தான் தெரிகிறது அவளுக்கு, இத்தனை வருஷமாகப் புருஷனுக்கு வண்ணம் கலந்து கொடுத்த கண் வேறு எப்படிப் பார்க்கும், பின்னால் அருளப்பன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி, பவுடரை நல்லா அப்பிக்கோ, ஸ்கூல்ல நாலு பேர் பாப்பாங்க என்கிறான், நேற்று அடித்தவன் வேறு யாரோ போல, அவ்வளவு சாவகாசமாக, அவள் அப்பிக்கொள்கிறாள், பவுடர் பட்டதும் எரிகிறது, பள்ளிக்கூட ஹாலில் அவன் வரைந்து காட்டுவதைப் பார்க்கக் கூட்டம் உட்கார்ந்தாயிற்று, அவன் மேடையில் நின்று பேசுகிறான், ஆலா ப்ரிமான்னா ஒரே உக்காரல்ல முடிக்கிற எண்ணெய் ஓவியம், ஈரத்து மேலயே ஈரம், காயறதுக்குக் காத்திருக்கறதில்ல, டச்சு ஓவியர் ஹால்ஸ் அப்படித்தான் சிரிக்கிற முகத்தைப் பிடிச்சாரு, ஸ்பெயின்காரர் சொரோயா கடற்கரை வெயிலைப் பிடிச்சாரு, முகம் சரியா வரலேன்னா அமெரிக்க ஓவியர் சார்ஜென்ட் ஒட்டுப்போட மாட்டாரு, மொத்தமா சுரண்டிட்டு மறுபடி ஆரம்பிப்பாரு, என்னவோ எல்லோரும் இவனுக்கு மாமன் மச்சான் மாதிரி, ஸ்வீடன்காரர் ஸோர்ன் வெள்ளை, காவி மஞ்சள், சிவப்பு, கறுப்புன்னு நாலே கலர்ல ரத்தமும் சதையுமா வரைஞ்சாரு, எனக்கும் அந்த நாலு போதும் என்று சொல்லும்போது கைதட்டுகிறார்கள், எப்போதும் கைதட்டுவார்கள், அந்த நாலையும் பேலட் பலகையில் குவித்து வைக்கிற கையை யார் பார்த்தார்கள்.

வெள்ளையில் துளி சிவப்பு கலந்துவிட்டால் கன்னத்தில் அறை, பிரஷ்ஷில் பழைய வண்ணம் ஒட்டியிருந்தால் அதே பிரஷ்ஷின் கட்டையால் விரல் கணுக்களில், ஒரு தடவை டர்பென்டைன் பாட்டிலை முகத்துக்கு நேரே வீசினான், தலையைச் சாய்த்ததால் கண் தப்பியது, பாட்டில் சுவரில் உடைந்து தோளெல்லாம் வழிந்தது, ஈஸ்டர் அன்றைக்குத் தலைமுடியைக் கையில் சுற்றி, படம் சாய்த்து வைக்கிற ஈசல் ஸ்டாண்டின் காலில் மோதினான், மோத மோதப் பக்கத்து வீட்டில் ரேடியோ சத்தம் கூடியது, அண்ணனிடம் போய்ச் சொன்னாள், கலைஞன்னா கோபம் இருக்கத்தான் செய்யும், நீ வாய் குடுக்காம இரு என்றான் அண்ணன், பங்குச் சாமியார் ஜெபம் பண்ணச் சொன்னார், அவ்வளவு அழகாக முகம் வரைகிறவன் முகத்திலேயே அடிப்பானா என்று ஊரே கேட்கும், ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் நம்பினால் போதும் என்று எத்தனை தடவை நினைத்திருக்கிறாள், இப்போது நாலு குவியலும் பேலட்டில் தயார், பக்கத்தில் ஐந்தாவதாக ஒன்றைத் தட்டைக் கத்தியால் கலந்துகொண்டிருக்கிறாள், கறுப்போடு சிவப்பு, இன்னும் கொஞ்சம் சிவப்பு, காலையில் கண்ணாடி முன்னால் போட்ட கணக்கு, ஏன் கலக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை, எதிரில் நாற்காலி காலி, படத்துக்கு உட்காரவேண்டிய பழைய ஹெட்மிஸ்ட்ரஸ் காய்ச்சலால் வரவில்லை, அருளப்பன் பல்லைக் கடிக்கிறான், நான் உக்கார்றேங்க என்று பிலோமினா போய் உட்கார்ந்தாள், உட்கார்ந்ததும் வேர்வையைத் துடைக்கிற சாக்கில் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள், பவுடர் முழுக்க முந்தானைக்கு வந்துவிட்டது.

அவன் கண்ணைச் சுருக்கினான், பிரஷ்ஷை எடுத்துவிட்டால் அவனுக்குப் பெண்டாட்டி தெரியமாட்டாள், வெளிச்சமும் இருட்டும்தான் தெரியும், நெற்றியில் வெள்ளை, மூக்கோரம் காவி, கை பறக்கிறது, இடது கண்ணுக்குக் கீழே தேவைப்பட்ட நிறம் பேலட்டில் தயாராக இருக்கிறது, கை போய்த் தொட்டு எடுத்து வைத்துவிட்டது, ஒரே இழுப்பு, அச்சாக இருந்தது, அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அப்போது முன்வரிசையிலிருந்து ட்ராயிங் டீச்சர் ரெஜினா எழுந்து, சார், கண்ணுக்குக் கீழ அந்த ஊதா எப்படி வந்துச்சு என்று கேட்டாள், பாவம், நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், அவன் திரும்பாமலே பெருமையாகச் சொன்னான், நானா எதையும் சேக்கறதில்லம்மா, எதிர்ல இருக்கறதத்தான் வைக்கிறேன்.

ஹாலில் எல்லாத் தலையும் படத்திலிருந்து அவள் முகத்துக்குத் திரும்பியது, அவனும் அப்போதுதான் பார்த்தான், கத்தியை எடுத்து அந்த இடத்தைச் சுரண்டினான், ஈர வண்ணத்தை அவசரத்தில் சுரண்டினால் சும்மா விடுமா, ஊதா கன்னத்துக்கு இறங்கியது, துணியால் துடைத்தான், உதட்டுக்கும் கழுத்துக்கும் பரவியது, முகம் முழுக்க அடிபட்டவள் படத்தில் உட்கார்ந்திருந்தாள், கொச்சையாக ஏதோ கத்தியபடி கேன்வாஸைக் குறுக்கும் நெடுக்கும் கிழித்தான், நாற்காலியை உதைத்தான், கீழே விழுந்தவளின் முடியைச் சுற்றிப் பிடித்துத் தரையில் மோதினான், ஒரு தடவை, இன்னொரு தடவை, இங்கே யாரும் ரேடியோ வைக்கவில்லை, ரெஜினா ஓடிவந்து அவன் மணிக்கட்டைக் கடித்தாள், நாலைந்து பேர் சேர்ந்து அவனை இழுத்துப் பிடித்தார்கள், வாயில் ரத்தத்தோடு பிலோமினா, நேத்திக்கும் இதே கைதான் என்றாள், நம்புறேங்க்கா, எந்திரிங்க என்றாள் ரெஜினா, அந்த ஒரு வார்த்தைக்கு அவள் தரையில் கிடந்தபடியே அழுதாள்.

இப்போது ரெஜினா வீட்டுக் கண்ணாடி, மறுநாள் காலை, போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பணும்க்கா, இட்லி ஆறுது என்று உள்ளேயிருந்து குரல், இதோ வரேம்மா என்கிறாள், சொன்ன மாதிரியே மஞ்சள் ஏறியிருக்கிறது, உதட்டில் புதிதாக ஒரு சிவப்பு, விட்டால் எல்லாம் மங்கிப் போகும், கிழிந்த படத்துக்குப் பதில் ஒன்று வேண்டும், ஸ்டேஷனிலிருந்து வந்ததும் ஒரே உட்காரலில் முடித்துவிடலாம், ரெஜினாவின் பேலட்டில் நாலு குவியல் வைக்கிறாள், ஐந்தாவதைக் கலக்கிறாள், பவுடர் டப்பா திறக்காமலே இருக்கிறது, கிளம்பும் முன் கேன்வாஸில் ஒரு தொடுதல் மட்டும் என்று, இடது கண்ணுக்குக் கீழே, அங்கிருந்தே தன் முகத்தை ஆரம்பிக்கிறாள்.