இழுவைக் கயிற்றின் முடிச்சு

முடிச்சு விரலுக்கு மசியவில்லை. அக்கா ஸ்க்ரூடிரைவரைச் செருகிப் பல்லைக் கடித்துக்கொண்டு நெம்பினாள். உள்ளே கூடத்தில் தம்பியைக் கிடத்தியிருந்தார்கள். இவளோ பட்டறையில் அவனுடைய டர்ட் பைக்கின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். "பொணத்துக்கிட்ட இருக்காம இரும்பைக் கட்டிக்கிட்டு அழறா பாரு" என்று சித்தி முணுமுணுத்துவிட்டுப் போனாள்.

அவள் லாரி மெக்கானிக். அழுகை அப்புறம் வரட்டும், முதலில் கோளாறு எங்கே என்று தெரிய வேண்டும்.

நின்றுபோன பைக்கை இன்னொரு பைக்கால் இழுக்கும்போது, பின்னால் வருபவன் கயிற்றை ஹேண்டில்பாரில் இரண்டு சுற்றுச் சுற்றி நுனியைக் கையில் பிடித்துக்கொள்வான். ஆபத்து என்றால் விட்டுவிடலாம். முடிச்சு மட்டும் போடவே கூடாது. இங்கே மூன்று முடிச்சு! முன்னால் போனவன் வளைவில் திரும்பியதும் கயிறு ஹேண்டிலை வெடுக்கென்று இழுத்து, தம்பியைப் பாலத்துச் சுவரில் அடித்துவிட்டது.

முன்னால் போனவன் நெட்டை. பள்ளிக்கூடத்திலிருந்து தம்பியின் கூட்டாளி. நேற்றிலிருந்து வாசலிலேயே நிற்கிறான். அம்மா மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டியும் வாயே திறக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? போன மாதப் பந்தயத்தில் தம்பி முந்திவிட்டான் என்று பத்து நாள் பேசாமல் இருந்தவன்தானே!

"நெட்டை, இங்க வா."

வந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இந்த முடிச்சு யாரு போட்டது?"

"நான்தான், அக்கா."

"போடக் கூடாதுன்னு தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சே போட்டியா? கொல்லணும்னே போட்டியாடா?" சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"கயிறு நழுவிக்கிட்டே இருந்துச்சு. அவன் கை மரத்துப் போச்சுன்னான்... விடுங்க அக்கா. தப்பு என்னோடதுதான். அம்மாகிட்டயும் அப்படியே சொல்லிக்கிறேன்."

அந்தச் 'சொல்லிக்கிறேன்'தான் இடித்தது. எதையோ மூடி மறைக்கிறான்.

"யாரைக் காப்பாத்தற? யாரு கட்டச் சொன்னது?"

அவன் பார்வை அவள் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த போனில் பட்டு நகர்ந்தது.

நேற்று மூன்று மணிக்கு அவள் லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். கண்ணில் எண்ணெய் சொட்டியது. தம்பி போனில் கூப்பிட்டான், கயிறு நிற்கமாட்டேன் என்கிறது என்றான். "முடிச்சப் போட்டுத் தொலைடா, சும்மா சும்மா கூப்பிடாத" என்று வைத்துவிட்டு, அடுத்த நொடியே அதை மறந்து போல்ட்டைத் திருகப் போய்விட்டாள்.

சட்டையைப் பிடித்த கை தானாக விட்டது.

"ஸ்பீக்கர்ல போட்டிருந்தானா?"

தலையாட்டினான்.

"அந்தப் பாவி ஏதாவது சொன்னானாடி?" உள்ளிருந்து அம்மாவின் குரல்.

"சொல்லிடாதீங்க அக்கா," நெட்டை அவசரமாகச் சொன்னான். "என்னைத்தானே திட்டறாங்க, திட்டிட்டுப் போகட்டும். நீங்க அவங்ககூட வாழணும்."

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கூடத்துக்குள் இழுத்துப் போனாள். அழுகைச் சத்தம் நின்றது. அம்மா எழுந்தாள்.

"இவனை எதுக்குடி உள்ள கூட்டிட்டு வர்ற?"

அக்கா அவனைத் தம்பியின் தலைமாட்டில் உட்கார வைத்தாள். பிறகு அம்மாவின் கைக்கு எட்டும் தூரத்தில் போய் நின்றாள்.